கட்டிக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: குடியிருப்போர் நலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கமும் அடுக்குமாடி வீடு கட்டுபவர்களோடு தர ஆய்வு வேலையில் பல வருடமாகப் பழகி வருகிறேன். பில்டர், சைட் இன்ஜினீயர், வீடு வாங்கியவர், அசோசியேஷன் செயலாளர் என்று யார் பேசினாலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன்.

குடியிருப்போர் நலம்னா ஜிம், ஸ்விம்மிங் பூல், கிளப் ஹவுஸ், அதானே?

அவை இருந்தால் நல்லதுதான். ஆனால் ஒரு குடும்பத்தின் உடம்பையும் மனசையும் தினமும் தொடுகிற விஷயங்கள் வேறு. ராத்திரி புழுக்கமில்லாமல் தூங்க முடிகிறதா? சமையல் புகை வெளியே போகிறதா? பாத்ரூம் சுவர் ஓதம் பிடிக்கிறதா? குழாய்த் தண்ணீர் எப்படி? பாட்டி கீழே இறங்கி நாலு பேரைப் பார்த்துவிட்டு வர முடிகிறதா?

இவற்றில் பெரும்பாலானவை வரைபடம் போடும்போதே முடிவாகிவிடுகின்றன. கட்டி முடித்த பிறகு ஜிம்முக்கு இன்னொரு மெஷின் வாங்கிப் போடலாம். படுக்கையறைக்கு இன்னொரு வெளிச்சுவர் வாங்க முடியாது.

நாங்க கட்டிக் கொடுக்கிறவங்க. அதுக்கப்புறம் அவங்க உடம்பு எப்படி இருக்குங்கறதுக்கு நாங்க எப்படி சார் பொறுப்பாக முடியும்?

முதலில் சட்டம். 2016-ஆம் ஆண்டு ரெரா (வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை) சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ வசதிகளிலோ குறை இருப்பதாக வாங்கியவர் தெரிவித்தால், 30 நாளுக்குள் கூடுதல் காசு வாங்காமல் சரிசெய்து கொடுக்க வேண்டும். கசிவும் ஓதமும் பெரும்பாலும் இதில் வந்துவிடும். ரெரா பதிவு தேவைப்படாத சின்னக் கட்டடமாக இருந்தாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதை ஒரு சேவையாகத்தான் பார்க்கிறது.

சட்டத்தை விடுங்கள். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். ஒரே நாளில் நடந்ததால் ஊருக்கே தெரிந்தது. காற்று வராத அறையில் இழுப்போடு வளரும் குழந்தையோ, படியில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த தாத்தாவோ செய்தியில் வருவதில்லை. அதற்குப் பின்னாலும் கட்டும்போது யாரோ எடுத்த ஒரு முடிவு இருக்கிறது.

நான் சின்ன பில்டர். ஒன்றரை கிரவுண்டுல ஆறு வீடு. இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே?

சின்ன பில்டருக்கு இது இன்னும் சுலபம். வாங்கும் ஆறு குடும்பத்தையும் உங்களுக்கு நேரில் தெரியும். யார் வீட்டில் முதியவர் இருக்கிறார், யாருக்கு ஆஸ்துமா என்று கேட்டுக்கொண்டு வேலையை மாற்ற முடியும். முந்நூறு வீடு கட்டுபவரால் அது முடியாது. கீழே சொல்வதில் பாதிக்கு மேல், தூண்களுக்கு இடம் குறிப்பதற்கு முன்பே முடிவெடுத்தால் செலவே பிடிக்காதவை.

ஜன்னல்தான் வச்சிருக்கோமே, காத்தோட்டத்துக்கு அது போதாதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னை மாதிரி வெயிலும் ஈரமும் சேர்ந்த ஊரில், அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது காற்று வரும் திறப்பு இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. 10-க்கு 12 படுக்கையறை என்றால் 120 சதுர அடி. திறப்பு 20 சதுர அடி வேண்டும். நாம் வழக்கமாக வைப்பது 4-க்கு 4 யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல். அது 16 சதுர அடி. ஸ்லைடிங் ஆனதால் திறப்பது பாதிதான், அதாவது 8 சதுர அடி. அதற்கு மேல் கொசுவலை. இப்போது புரிகிறதா, ஏன் அந்த அறையில் மின்விசிறி சுற்றினாலும் வியர்க்கிறது என்று? அதே அளவில் கதவு போலத் திறக்கும் ஜன்னல் வைத்தால் காற்று வழி இரண்டு மடங்காகிறது.

அடுத்தது, காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது. வெளியேறவும் வழி வேண்டும். எதிர்ச்சுவரிலோ பக்கச்சுவரிலோ இன்னொரு திறப்பு, அதுவும் இல்லையென்றால் கதவுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர். பழைய வீடுகளில் அது இல்லாத அறையே கிடையாது. ஃபால்ஸ் சீலிங் வந்ததும் காணாமல் போனது. சென்னையில் கோடை மதியத்துக்குமேல் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். ஹாலும் படுக்கையறையும் அந்தப் பக்கம் பார்த்திருந்தால் பெரிய வரம்.

ஓ.டி.எஸ். பற்றியும் சொல்லிவிடுகிறேன். காற்றும் வெளிச்சமும் வர, கட்டடத்தின் நடுவே வானம் பார்க்க விடும் இடம் அது. நான்கு அடி அகல ஓ.டி.எஸ்.ஸில் படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைத்து, அதே ஓ.டி.எஸ்.ஸில் ஐந்து மாடி பாத்ரூம் வென்டிலேட்டர்களையும், கழிவுநீர்க் குழாய்களையும், ஏ.சி. அவுட்டோர் யூனிட்களையும் வைக்கிறார்கள். அந்த ஜன்னலை யாரும் திறக்க மாட்டார்கள். வரைபடத்தில் ஜன்னல் இருக்கும், வாழ்க்கையில் இருக்காது.

மேல் மாடி வீட்டுக்காரங்க சூடு தாங்கலன்னு தினம் போன் பண்றாங்க. என்ன செய்ய?

மொட்டை மாடித் தளம் காலை முதல் மாலை வரை வெயிலை வாங்கி, ராத்திரி முழுக்க அதைக் கீழே இறக்குகிறது. ஒன்பது மணிக்கு மேல்தான் அறை இன்னும் சூடாகும். புகார் போன்களும் அப்போதுதான் வரும். வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018, கூரையின் வெப்பக் கடத்தல் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 1.2 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளமும் அதன் மேல் டைல்ஸும் மட்டும் வைத்து இந்த அளவுக்கு இறங்கவே முடியாது.

நம் ஊரில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்து, மேலே தட்டோடு பதிக்கும் வழக்கம் இருந்தது. நல்ல முறைதான். இன்று அதை ஒழுங்காக அடிக்க ஆள் கிடைப்பது கஷ்டம். அதற்குப் பதில் வெப்பத்தடுப்புப் பலகை போட்டு, அதன் மேல் ஸ்கிரீட் (சிமென்ட் கலவைப் பூச்சு), அதற்கும் மேல் வெள்ளை டைல்ஸ் என்று செய்யலாம். வெள்ளைப் பூச்சு மட்டும் அடித்தாலும் உடனே வித்தியாசம் தெரியும். ஆனால் தூசி படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவ வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். இதை அசோசியேஷனிடம் எழுத்தில் கொடுங்கள்.

மேற்குச் சுவரையும் மறக்காதீர்கள். அலுமினியம் ஃபார்ம்வொர்க்கில் (அச்சுப் பலகையில்) சுவர் முழுவதையும் கான்கிரீட்டாகவே ஊற்றும் கட்டடங்களில், செங்கல் சுவரையும் ஏஏசி பிளாக் (எடை குறைந்த நுரைக் கான்கிரீட் கல்) சுவரையும்விட வெப்பம் வேகமாக உள்ளே வருகிறது. வேலை சீக்கிரம் முடிகிறது என்பது உண்மை. அப்படிக் கட்டுவதானால் மேற்குப் பக்கம் ஆழமான சன்ஷேடோ, பாத்ரூம், ஸ்டோர், படிக்கட்டு போன்றவையோ வரட்டும்.

எல்லாரும் ஏ.சி. போட்டுக்கிறாங்க. அப்புறம் எதுக்கு இந்தக் காத்து, வெளிச்சம் எல்லாம்?

ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். மூன்று பேர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால் காலையில் தலை பாரமாக இருப்பதற்கு அது ஒரு காரணம். கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜன்னல் வழியாகக் காற்று வரும் வீடுகளில் இருந்தவர்கள் சமாளித்தார்கள்.

ஏ.சி. வரும் என்று தெரிந்தே கட்டுகிறோம் அல்லவா? அவுட்டோர் யூனிட் வைக்க ஒரு மேடை, மெக்கானிக் பாதுகாப்பாக நின்று வேலை செய்ய இடம், தண்ணீர் வடியக் குழாய் இவற்றைக் கட்டும்போதே கொடுத்துவிடுங்கள். மூன்றாவது மாடிச் சுவருக்கு வெளியே கயிறு கட்டித் தொங்கி வேலை பார்ப்பவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

கிரகப்பிரவேசம் பண்ணி ஒரு வாரமா பெயிண்ட் வாசனையில தலை வலிக்குது. இது சாதாரணம்தானா?

அடிக்கடி நடக்கிறது. அதனால் சாதாரணம் என்று சொல்லிவிட முடியாது. பெயிண்ட், வார்னிஷ், பிளைவுட், பசை இவற்றிலிருந்து ஆவியாகும் ரசாயனங்கள் புதிதில்தான் அதிகம் வரும். புதிதாகக் கட்டியவையும் புதுப்பித்தவையுமான கட்டடங்களில் 30 சதவீதம் வரை இப்படிக் காற்றுத் தரப் புகார்கள் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் குழு 1984-லேயே சொன்னது.

நம் ஊரில் சிக்கல் முகூர்த்தத் தேதியில் இருக்கிறது. தை மாதமோ ஆவணியோ நாள் குறித்துவிடுவார்கள். முந்தைய நாள் ராத்திரி வரை பெயிண்டர் வேலை செய்வார். மறுநாள் பால் காய்ச்சி, அன்றே கைக்குழந்தையோடு தங்குவார்கள். பில்டர் செய்யக்கூடியது: கடைசிக் கோட் பெயிண்டை ஒப்படைப்புக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே முடித்துவிட்டு, பகலெல்லாம் ஜன்னல்களையும் அலமாரிக் கதவுகளையும் திறந்து போடுங்கள். குறைந்த ஆவியுள்ள பெயிண்ட் வாங்குங்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. லேபிளில் ஈய அளவு எழுதாத டின்னை சைட்டுக்குள்ளேயே விடாதீர்கள். கிரில்லுக்கு அடிக்கும் எனாமலில் இதை முக்கியமாகப் பாருங்கள். குழந்தைகள் பிடித்து நின்று வாய் வைப்பது அங்கேதான்.

பாத்ரூம் பக்கத்துச் சுவர்ல ஓதம். மேல டாக்டர் ஃபிக்ஸிட் அடிச்சும் திரும்ப வருது. ஏன்?

தண்ணீர் வரும் இடத்தை விட்டுவிட்டு, அது தெரியும் இடத்தில் மருந்து போடுவதால். எந்த கம்பெனிப் பூச்சானாலும் வறண்ட பக்கத்தில் அடித்தால் கொஞ்ச நாளில் உப்புப் பூத்து உதிரும்.

பாத்ரூமுக்காகத் தாழ்த்திப் போடும் தளமான சங்கன் ஸ்லாப் வேலையை நேரில் நின்று பார்த்தால் காரணம் புரியும். வாட்டர்ப்ரூஃபிங் ஆள் வந்து, மூலைகளைக் குழிவாகப் பூசி, இரண்டு கோட் அடித்து, தண்ணீர் கட்டி வைப்பார். 48 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டு சீலிங்கைப் பார்த்தால் சொட்டுக்கூட இருக்காது. எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். மறுநாள் பிளம்பர் வருவார். டிராப்பின் (தரையில் கழிவுநீர் இறங்கும் வாயின்) உயரம் சரியில்லை என்று குழாயைச் சுற்றி உளியால் ஒரு கொத்து கொத்துவார். பிறகு சிமென்டைக் குழைத்து அடைத்துவிடுவார். அந்த ஒரு கொத்து வழியாகத்தான் மூன்று வருடம் கழித்து ஓதம் வருகிறது. பிளம்பிங் முழுவதும் முடிந்த பிறகே வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸுக்கு முன்னால் இரண்டாவது முறை தண்ணீர் கட்டும் சோதனை என்று வரிசையை மாற்றுங்கள். செலவு இரண்டு நாள் நேரம்தான்.

ஓதத்தை வெறும் அழகுப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டாம். ஈரச் சுவரில் பூசணம் வளரும். அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் படர்ந்திருப்பது ஆஸ்துமா உள்ளவருக்கு நேரடித் தொல்லை.

போர்வெல் தண்ணி உப்பு. கட்டடத்துக்குத்தானே, பரவாயில்லையா?

கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் போர்வெல்கள் பலவற்றில் இந்த அளவு தாண்டும். உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடித்து வீங்கும். சீலிங் பெயர்ந்து விழும். விழும் இடத்தில் யாரோ தூங்கிக்கொண்டிருப்பார்கள். தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிப்பது மிகச் சின்னச் செலவு.

குடியிருப்பவர் பயன்படுத்தும் தண்ணீருக்குக் குடிநீர்த் தர விதி ஐ.எஸ். 10500 அளவு உண்டு: கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. மெட்ரோ வாட்டருக்கும் போர்வெல்லுக்கும் தனித்தனி சம்ப் (தரைக்கடித் தொட்டி), தனித்தனிக் குழாய் வைத்தால் சமையலறைக்கு நல்ல தண்ணீரைப் பிரித்து விடலாம். கழிவுநீர் சேம்பருக்குப் பக்கத்தில் சம்ப் வைக்கவே வேண்டாம். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே தமிழ்நாட்டில் கட்டாயம். பெயருக்கு ஒரு குழி தோண்டிக் கான்கிரீட் மூடி போட்டுவிட்டுப் போனவர்களும், மணல்படுகை வரை ஒழுங்காக இறக்கியவர்களும் யார் யார் என்பது தண்ணீர்ப் பஞ்சம் வந்த 2019 கோடையில் தெரிந்துவிட்டது.

கொசுவுக்கும் பில்டருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. நகர மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் ஸ்டீபென்சி கொசு ஓவர்ஹெட் டேங்கிலும் கிணற்றிலும் வளரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் சின்னச் சின்னத் தேக்கங்களில் வளரும். கியூரிங்குக்கு (கான்கிரீட் இறுகுவதற்கு) கட்டிய தண்ணீர், லிஃப்ட் குழியில் ஊறும் தண்ணீர், சன்ஷேடின் மேல் வடியாமல் நிற்கும் மழைநீர் எல்லாம் அதற்கு வீடு. டேங்க் மூடி இறுக்கமாக இருக்கட்டும், ஓவர்ஃப்ளோ குழாய் வாயில் வலை கட்டுங்கள், சன்ஷேடுக்கும் லாஃப்ட் வெளிப்பக்கத்துக்கும் வாட்டம் கொடுங்கள்.

லிஃப்ட் இருக்கே சார், ரேம்ப் வேற எதுக்கு?

ஸ்டில்ட் பார்க்கிங்கிலிருந்து (தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் தரைத்தளத்திலிருந்து) லிஃப்ட் வாசலுக்கு ஏற மூன்று படி வைத்திருக்கிறீர்களே, அதற்காக. ஐந்தாவது மாடிக்கு லிஃப்ட் போகும். அந்த மூன்று படியில் சக்கர நாற்காலி நின்றுவிடும். ரேம்ப் சரிவு 1-க்கு 12 இருக்க வேண்டும். ஒன்றரை அடி உயரம் ஏற 18 அடி நீளம். இதைக் கடைசியில் யோசித்தால் இடம் இருக்காது. ஒரு கார் பார்க்கிங் போய்விடும் என்று கைவிடுவார்கள், அல்லது பலகை மாதிரி செங்குத்தாக ஒன்றைக் கட்டுவார்கள். யாராலும் அதில் ஏற முடியாது. தரை மட்டத்தை முதலிலேயே சரியாக வைத்தால் ரேம்பே தேவைப்படாது.

பிள்ளைகள் வெளிநாட்டில், அப்பா அம்மா மட்டும் பிளாட்டில் என்ற வீடுகள் இன்று தெருவுக்குத் தெரு. அவர்களுக்கு மிகவும் ஆபத்தான இடம் பாத்ரூம். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வையுங்கள். உள்ளே விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. கதவு அகலம் இரண்டரை அடியிலிருந்து மூன்று அடிக்குப் போகட்டும். கைப்பிடிக் கம்பி வரப்போகும் இடத்தில் ஏஏசி பிளாக்குக்குப் பதில் கான்கிரீட்டோ கெட்டிச் செங்கலோ வைத்துக் கட்டுங்கள். பின்னால் கம்பி பொருத்தும்போது பிடிக்கும். லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்பதையும் ஆர்டர் கொடுக்கும் முன்பே பாருங்கள்.

சத்தம் பத்தி யாரும் முன்கூட்டி கேக்கறதில்லையே?

குடி வந்த பிறகுதான் கேட்பார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. வெளிச் சத்தத்தைவிட உள்ளிருந்து வரும் சத்தம்தான் தூக்கத்தைக் கெடுக்கும்: லிஃப்ட் ஷாஃப்ட்டை ஒட்டிய படுக்கையறை, தலைமாட்டுச் சுவருக்குள் இறங்கும் மேல்வீட்டு ஃப்ளஷ் குழாய், ரப்பர் பேட் இல்லாமல் தளத்தில் இறுக்கிய மோட்டார். மூன்றும் வரைபடத்திலேயே தவிர்க்கக்கூடியவை.

ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கும் கணக்கு உண்டு. கட்டட உயரத்துக்கு மேல், ஜெனரேட்டர் திறனான கே.வி.ஏ.யின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கினால் வரும் மீட்டர். 100 கே.வி.ஏ. என்றால் மொட்டை மாடிக்கு மேல் 2 மீட்டர். முதல் மாடி பால்கனி உயரத்தோடு நிறுத்திவிட்டால் கரண்ட் போகும்போதெல்லாம் அந்த வீட்டுக்குள் டீசல் புகை.

நம்மது ஸ்டில்ட் பிளஸ் அஞ்சுதான். தீ விஷயம் உயர்மாடிக்குத்தானே?

தமிழ்நாட்டு விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். கெடுபிடி அங்கே அதிகம். தீ அந்த அளவைப் பார்த்து வருவதில்லை. ஸ்டில்ட்டில் மின் மீட்டர் போர்டும், பக்கத்தில் பைக் வரிசையும், அதை ஒட்டியே ஒரே படிக்கட்டும் இருந்தால், கீழே பற்றும் புகை நேராக மேலே ஏறும். மீட்டர் போர்டைப் படிக்கட்டிலிருந்து விலக்குங்கள். படிக்கட்டுக்கு மேலே புகை வெளியேற நிரந்தரத் திறப்பு வேண்டும். வீட்டுக்கு வீடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வையுங்கள், உயிர் காக்கும் சாதனம் அது.

முகப்பு அழகுக்காக அலுமினியப் பலகை ஒட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 அன்று பற்றிய தீயால் 72 பேர் இறந்ததற்கு, நடுவில் பிளாஸ்டிக் வைத்த அதே வகைப் பலகை வழியாகத் தீ வெளிச்சுவரில் ஏறியது முக்கியக் காரணம். பலகையின் நடுவே என்ன பொருள் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

மரம் வச்சா கார் பார்க்கிங் போயிடுது. ரெண்டு தொட்டிச் செடி போதாதா?

பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களின் பதிவேடுகளை ஆராய்ச்சியாளர் ரோஜர் உல்ரிச் ஒப்பிட்டுப் பார்த்து 1984-இல் வெளியிட்டார். ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலிக்கான கடும் மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். படுத்த இடத்திலிருந்து ஒரு புங்கமோ வேம்போ தெரிவதற்கு அவ்வளவு மதிப்பு. மேற்குப் பக்கம் வைத்தால் நிழலும் கிடைக்கும். அடிமரம் வரை பேவர் பிளாக் போட்டு இறுக்கிவிடாமல் வேருக்கு மண் விடுங்கள். 2016 வர்தா புயலில் சென்னை எத்தனை மரத்தை இழந்தது என்று நமக்குத் தெரியும்.

செக்யூரிட்டி, வேலைக்கார அம்மா, இவங்களும் கட்டடத்தைப் பயன்படுத்தறவங்க கணக்குல வருவாங்களா?

கண்டிப்பாக. பன்னிரண்டு மணி நேரம் அங்கேயே இருக்கும் காவலாளியைவிட அதிகம் பயன்படுத்துபவர் யார்? ஆனால் பல கட்டடங்களில் அவருக்குக் கழிப்பறை கிடையாது. தூய்மைப் பணி செய்யும் பெண்கள் காலையிலிருந்து மதியம் வரை தண்ணீர் குடிக்காமலே சமாளிக்கிறார்கள். கடைகளில் நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த மாநிலம் இது. ஸ்டில்ட்டில் ஆண், பெண் இருவருக்கும் கழிப்பறை, மின்விசிறியுள்ள ஒரு சின்ன அறை, குடிநீர்க் குழாய் என்று வரைபடத்திலேயே போடுங்கள்.

எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்), செப்டிக் டேங்க் பற்றி அழுத்திச் சொல்கிறேன். அங்கே வருடா வருடம் ஆட்கள் விஷவாயுவில் சாகிறார்கள். பாதுகாப்பில்லாமல் உள்ளே இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. வேலையை எளிதாக்குவதும் கொடியதாக்குவதும் வடிவமைப்புதான். லாரியின் உறிஞ்சுகுழாய் நேராக எட்டும் இடத்தில் டேங்க், எல்லா அறைக்கும் தனி மூடி, மோட்டாரை மேலிருந்தே தூக்கும் சங்கிலி வசதி. ஒரு மனிதர் உள்ளே இறங்கவே தேவையில்லாதபடி கட்ட முடியும். கட்டாமல் விடுவதற்குக் காரணமே கிடையாது.

கிரீன் பில்டிங் சர்டிபிகேட் வாங்கிட்டா இதெல்லாம் வந்துடுமா?

கொஞ்சம் வரும். ஐ.ஜி.பி.சி., கிரிஹா போன்ற தரச்சான்றுகள் மின்சாரம், தண்ணீர், பொருட்களோடு பகல் வெளிச்சம், காற்றோட்டத்துக்கும் மதிப்பெண் தருகின்றன. குடியிருப்பவர் நலத்தை மட்டுமே மையமாக வைத்து 2014-இல் வந்தது வெல் தரச்சான்று. மதிப்பெண் சேர்க்கும் முறை என்பதால் ஓரிடத்தில் கோட்டை விட்டதை இன்னோரிடத்தில் ஈடுகட்டிவிடலாம். பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று சான்றிதழ் பார்க்கப்போவதில்லை, நீங்கள் பாருங்கள்.

வாஸ்துப்படி அக்னி மூலையில சமையலறை கேக்கறாங்க. காத்தோட்டத்தோட ஒத்து வருமா?

வாங்குபவரின் நம்பிக்கையோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் அக்னி மூலை என்பது தென்கிழக்கு, சென்னையில் அதில் ஒரு சிக்கல் உண்டு. மேலே சொன்ன கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும்போது சமையலறைக்குள் நுழைந்து, தாளிப்புப் புகையை ஹாலுக்குத் தள்ளும். ஜன்னலில் வைத்த எக்ஸாஸ்ட் ஃபேன் எதிர்க்காற்றில் திணறும். சிம்னிக்கு மொட்டை மாடி வரை தனி டக்ட் கொடுத்து, சமையலறைக்குக் கதவும் வைத்துவிட்டால் மூலையும் நிற்கும், மூச்சும் நிற்காது.

நாங்க நல்லாத்தான் கட்டறோம். அவங்கதான் பால்கனியை மூடி ரூம் ஆக்கிடறாங்க. அதுக்கு என்ன பண்றது?

ஏன் மூடினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மழை உள்ளே அடிக்கிறது, புறா கூடு கட்டுகிறது, குழந்தை ஏறிவிடுமோ என்று பயம், துணி காயப்போட்டால் தெருவிலிருந்து தெரிகிறது. நான்குக்கும் நாம் பதில் சொல்லியிருக்கலாம். போதுமான ஆழத்தில் சன்ஷேட், வலை மாட்டக் கொக்கி, பாதம் வைத்து ஏற முடியாத செங்குத்துக் கம்பிக் கைப்பிடி, துணிக்கென்று தனியாக ஒரு யுட்டிலிட்டி. இவை இருக்கும் வீடுகளில் பால்கனி பெரும்பாலும் திறந்தே இருக்கிறது.

சாவி கொடுத்ததுக்கப்புறம் வேற என்ன செய்யணும்?

ஒரு கோப்பு கொடுங்கள். சுவர் பூசுவதற்கு முன் எடுத்த குழாய், வயர் புகைப்படங்கள், எந்த வால்வு எதற்கு என்ற படம், பெயிண்ட் எண், பராமரிப்புத் தேதிகள். ஆணி அடிக்கும்போது வயரைத் துளைக்காமல் இருக்க இதைவிட வழியில்லை.

அப்புறம் முதல் வருடத்தில் இரண்டு முறை போய்ப் பாருங்கள். ஒன்று மே மாத மதியம், இன்னொன்று நவம்பர் மழைக்குப் பிறகு. "ஏதாவது புகார் இருக்கா?" என்று கேட்டால் சண்டைதான் வரும். "எந்த ஜன்னலைத் திறக்கறதே இல்ல? எந்த ரூம்ல தூங்கறீங்க? மழைன்னா துணி எங்க காயும்?" என்று கேளுங்கள். அடுத்த கட்டடத்தின் வரைபடத்தைத் திருத்த அந்தப் பதில்கள் போதும்.

வாங்கறவங்க சதுர அடி ரேட்டைத்தான் பாக்கறாங்க. இதுக்கெல்லாம் யார் காசு கொடுப்பா?

நியாயமான கேள்வி. மேலே சொன்னவற்றைப் பிரித்துப் பாருங்கள். ஜன்னல் திறக்கும் முறை, கதவு திறக்கும் பக்கம், குழாயின் இடம், வாட்டர்ப்ரூஃபிங் வரிசை, தரை மட்டம் ஆகியவை முடிவுகள், செலவுகள் அல்ல. உண்மையாகக் காசு பிடிப்பது கூரை வெப்பத்தடுப்பு, இரண்டாவது சம்ப், நல்ல லிஃப்ட், ஊழியர் கழிப்பறை. அதற்காக லாபியில் இத்தாலி மார்பிளையும் முகப்புப் பலகையையும் குறைக்கச் சொல்வேன். ஓதத்துக்காக 5 வருடம் ஆள் அனுப்பும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

விற்கும்போதும் இதைச் சொல்லத் தெரிய வேண்டும். மாதிரி வீட்டை மதியம் மூன்று மணிக்கு, ஏ.சி.யை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து காட்டுங்கள். வித்தியாசம் இருந்தால் வாங்குபவருக்கு விளக்கம் தேவைப்படாது.

ஏற்கெனவே கட்டி முடிச்சாச்சு. இப்ப எதையாவது மாத்த முடியுமா?

முடியும். குறைந்த செலவிலிருந்து தொடங்குங்கள்: டேங்க் மூடியும் வலையும், மோட்டாருக்கு ரப்பர் பேட், ஆர்.சி.சி.பி., படிக்கட்டில் இருபக்கக் கைப்பிடி. அடுத்து மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு, பாத்ரூம் கதவைத் திருப்பி மாட்டுதல், ஸ்லைடிங் ஜன்னலைத் திறப்புக் கதவாக மாற்றுதல். ஜெனரேட்டர் குழாயை உயர்த்துவதும், ஸ்டில்ட்டில் ஒரு கழிப்பறை கட்டுவதும் அசோசியேஷன் கூட்டத்தில் ஒப்புதல் வாங்கி ஒரு வருடத்துக்குள் முடிக்கக்கூடியவை. ஓ.டி.எஸ்.ஸை அகலப்படுத்த முடியாது. ஆனால் அதற்குள் இருக்கும் அவுட்டோர் யூனிட்களை மொட்டை மாடிக்கு ஏற்றி, கழிவுக் குழாய் மூட்டுகளில் கசிவை அடைத்து, அடியைக் கழுவி வாட்டம் கொடுத்துவிட்டால் அந்த ஜன்னலைத் திறக்கலாம்.